பாடத்துக்கு முன்பே கேள்வி: எம்.பி.பி.எஸ். வகுப்பில் வந்த மாற்றம் என்ன?

'மூன்று நாளாகக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். இவருக்கு என்ன நோய்?' பாடமே நடத்தாமல் இப்படிக் கேட்டால், 'சொல்லியே தரல, எப்படிப் பதில் சொல்றது?' என்பீர்கள். பிரச்னை அடிப்படையிலான கற்றல் தொடங்குவதே அங்கேதான். எட்டு, பத்து மாணவர்கள் சேர்ந்து, தங்களுக்குத் தெரியாதது எது என்று கண்டுபிடித்து, அதைப் படித்துவிட்டு வந்து மறுபடி விவாதிப்பார்கள். ஆசிரியர் விடை சொல்ல மாட்டார். பேச்சு திசைமாறினால் ஒரு கேள்வி போடுவார், அவ்வளவுதான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய முறை இது. இந்தியாவில் 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் சிறு குழு வகுப்புகளுக்கும் சுயமாகக் கற்பதற்கும் நேரம் ஒதுக்கியது. புனேவில் கோர்படிக்கு அருகிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும் சரி, சென்னை மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும் சரி, பாடத்திட்டம் ஒன்றுதான்.

சிக்கல் ஆள் கணக்கில். 150 பேருக்கு விரிவுரை நடத்த ஒரே ஆசிரியர் போதும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்தால் ஒரே நேரத்தில் 15 பேர் வேண்டும். அதற்கு ஆளில்லாமல் குழுவை நாற்பதாக்கினால், இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். உங்கள் பிள்ளையைச் சேர்க்கப்போகும் கல்லூரியில், ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.