கோபுரம் சொல்லாத ஊர்

தென்காசியின் வரலாறு என்றாலே கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயில். பின்னாளில் இதைப் பழுது பார்ப்பவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் அவன் கல்லில் வெட்டிவைத்த பாட்டைப் பெருமையாகச் சொல்வார்கள். அவன் தொழுத கால்களில் சாந்து சுமந்தவன் காலும் உண்டா என்பதே என் கேள்வி.

ஊர் நடு மாறியது உண்மை. யாருக்கு, எப்போது மாறியது?

1904-இல் நெல்லை–கொல்லம் ரயில் முழுப்பாதையிலும் ஓடத் தொடங்கியது. வெள்ளைக்காரன் அதை நமக்காக விடவில்லை. ஆனாலும் சீட்டு வாங்கினவனுக்கு உட்கார இடம் இருந்தது. கடைத்தெருவில் அது இல்லை. 1939-இல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. 1947-இல் சட்டம் கோயில்களைத் திறந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடையையும் கிணற்றையும் சேர்த்துக்கொண்டது. எங்க தாத்தா மலையிலிருந்து விறகு சுமந்து வந்து விற்றவர். "சட்டம் வந்து எத்தனையோ வருசம் கழிச்சும் எனக்குச் சிரட்டையிலதாம்லே தேத்தண்ணி. காசையும் கையில குடுக்க மாட்டான், தரையில போடுவான்" என்பார். சட்டம் புத்தகத்தில் இருந்தது, சிரட்டை கடையில் இருந்தது.

1981 பிப்ரவரியில் பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர், பெரும்பாலும் தேவேந்திரர், இஸ்லாத்தைத் தழுவினார்கள். டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்தார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள். அந்தச் சனங்கள் மாறுவதற்கு முந்தைய நாள்வரை பட்ட அவமானத்தை எத்தனை பேர் கேட்டார்கள்?

வெகுகாலம் மொட்டையாய் நின்ற ராஜகோபுரம் 1990-இல் ஒன்பது நிலையோடு எழுந்தது. குற்றாலச் சாரலுக்கு வரும் கூட்டத்தால் லாட்ஜுகள் பெருகின. மீட்டர் கேஜ் அகலப்பாதையானது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. நாடாளுமன்றத்துக்கோ இது பல பத்தாண்டுகளாகத் தனித்தொகுதி. நம்மவர் பலர் டெல்லிக்குப் போனார்கள். ஆனால் தேர் வீதிகளில் நம்மவர் பெயர்ப் பலகை எத்தனை? சீசன் முடிந்தபின் அருவிக்கரையில் கிடக்கும் குப்பையைக் கூட்டுகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள்?

கோபுரம் எழுந்ததற்குத் தேதி இருக்கிறது. சிரட்டை ஒழிந்ததற்குத் தேதி இல்லை. அது எந்தக் கடையில், யார் சண்டை போட்டதால் ஒழிந்தது என்று தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, கல்வெட்டை அப்புறம் படிக்கலாம். அது அங்கேயே இருக்கும். முதலில் இவர்களிடம் போய் உட்காருங்கள்.