பழைய வாடிக்கையாளர் கட்டிய பணம்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் காப்புறுதி என்றால் முகவர்தான். சம்பள நாளன்று அலுவலக வாசலில் காத்து நின்று, குடும்ப நலம் விசாரித்த பின்னரே கட்டுப்பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பார். பிரித்தானியாவில் இந்த இடைமனிதரை விலக்கும் முயற்சி, இணையம் வருமுன்னரே தொலைபேசியில் தொடங்கிவிட்டது. 1985இல் பீற்றர் வூட் நிறுவிய டிரெக்ட் லைன், வாகனக் காப்புறுதியைத் தொலைபேசியிலேயே விற்றது. தரகர்களுக்குப் போன பணம் மிஞ்சியது, விலையும் குறைந்தது.

2002இல் நிலைமை மாறியது. வேல்சிலுள்ள அட்மிரல் நிறுவனம், கொன்பியூஸ்ட் டொட் கொம் என்ற விலை ஒப்பீட்டு இணையத்தளத்தைத் திறந்தது. போட்டியாளரின் விலையை ஒரு காப்புறுதி நிறுவனமே காட்டுவதா என்று கேட்கத் தோன்றும். வாடிக்கையாளர் யாரிடம் வாங்கினாலும் தளத்துக்குத் தரகு கிடைக்கும் என்பதே கணக்கு. முகவரை அனுப்பிவிட்ட இடத்தில் புதியதொரு தரகர் வந்து அமர்ந்துகொண்டார்! டிரெக்ட் லைன் தன் பெயரை இத்தளங்களில் இட நெடுங்காலம் மறுத்து, 2024இலேயே இறங்கி வந்தது. மறு ஆண்டு அதனை அவீவா வாங்கியது.

விலைப் பட்டியலின் உச்சியில் நில்லாதவனை எவரும் பார்ப்பதில்லை. ஆகவே நிறுவனங்கள் முதலாண்டு விலையைச் செலவுக்கும் கீழே இறக்கின. விபத்து நேர்ந்தால் வாடிக்கையாளரே ஏற்கவேண்டிய முதற்றொகையை உயர்த்தின. அந்த நட்டத்தை யாரிடம் ஈடுசெய்வது? தேடிப் பார்க்காமல் ஆண்டுதோறும் புதுப்பிப்பவரிடம்தான். இலண்டனிலுள்ள என் அத்தான் அத்தகையவர். ஒரே நிறுவனத்தில் நீண்டகாலம் இருப்பது மரியாதை என்று நம்பியவர். அவரது கட்டுப்பணம் வருடாவருடம் ஏறியது. அதே காருக்கு மகள் இணையத்தில் விலை கேட்டபோது, அதே நிறுவனம் பாதிக்குச் சற்று மேலான தொகையையே காட்டிற்று.

இது அவர் ஒருவரின் கதையன்று. 2018இல் வாகன, வீட்டுக் காப்புறுதிதாரர்களில் 60 இலட்சம் பேர் மிகையான விலை கொடுத்ததாக நிதி நடத்தை அதிகாரசபை கணக்கிட்டது. 2022 ஜனவரி 1 முதல், புதியவருக்குரிய விலையிலும் கூடுதலாகப் பழையவரிடம் புதுப்பிப்பின்போது கேட்கக்கூடாதென அது விதித்தது.

செய்தியை அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இதுவரை கட்டிய காசு திரும்பி வருமா என்று கேட்டார். வராது என்றேன்.