ரேடியோ அதிர்வெண் திறன் பெருக்கி: பழுதறிதலும் பராமரிப்பும்

ஒலிபரப்பியின் இறுதிக் கட்டத்தில் அமைந்து, சிறிய சமிக்ஞையை ஆன்டெனாவுக்கு வேண்டிய திறனுக்கு உயர்த்தும் சாதனம். சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு இதன் பயன் முக்கியமாக 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் வழியே வந்தது. அந்நிலையத்தின் மத்திய அலை அதிர்வெண் 1197 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 250 மீட்டர்.

பெருக்கியின் பழுது என்று கருதப்படுபவற்றில் பல, உண்மையில் அதற்கு வெளியே பிறப்பவை. ஆன்டெனாவுக்குச் செல்லும் கேபிளுக்குள் மழைநீர் இறங்கினாலோ இணைப்பான் துருப்பிடித்தாலோ மின்மறுப்புப் பொருத்தம் குலைந்து, திறனின் ஒரு பகுதி திரும்பி வரும். இப்பொருத்தக் குலைவைக் காட்டும் நிலையலை விகிதம் 2 ஆனால் சுமார் 11 விழுக்காடும், 3 ஆனால் 25 விழுக்காடும் திரும்பும். இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர்களைக் கருக்குவது பெரும்பாலும் இவ்வாறு திரும்பும் திறனே. ஆகவே பெருக்கியைத் திறக்கும் முன் அதை ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடில் (போலிச் சுமையில்) இணைத்துப் பார்ப்பதே சரியான முதல் படி. அங்கே சீராக இயங்கினால் குற்றம் கேபிளிலோ ஆன்டெனாவிலோ உள்ளது. அங்கும் திறன் குறைந்தால் மின்வழங்கி, உள்ளீட்டுச் சமிக்ஞை, வெளியீட்டுச் சாதனம் என வரிசையாகச் சோதிக்க வேண்டும். வால்வு வகைப் பெருக்கியில் இழை மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவில் வைத்திருப்பது ஆயுளை நீட்டும்.

காற்று வடிகட்டியில் தூசி அடைவது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் வெப்பமே இச்சாதனத்தின் முதல் எதிரி. காற்றாடி, வெப்பப் பசை, திருகு இறுக்கம் ஆகியவற்றைக் கோடைக்கு முன் பார்த்துவிட வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். புவிக்கோலால் அதை வெளியேற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது.