கல்லில் உறைந்த கடல்

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் சுருள் வடிவக் கல் ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றிலிருந்து நண்பர்களோடு எடுத்து வந்தது. எந்தக் குவாரி, எந்த அடுக்கு, எந்த நாள் என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. ஊரும் ஆண்டும் சிதைந்துபோன கல்வெட்டுத் துண்டைப் போல, அழகு மட்டும் மிஞ்சி, சொல்ல வேண்டிய செய்தியை அது இழந்து நிற்கிறது.

அது அம்மோனைட் என்னும் கடலுயிரின் படிவம். திருவரங்கத்து வீடுகளில் பூசையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமங்களும் இவ்வினத்தின் படிவங்களே. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியிலும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலும் கடல் புகுந்து, பின்வாங்கி, மீண்டும் புகுந்தது. அதன் வண்டலே இன்றைய சுண்ணாம்புக்கல்.

1840களில் சென்னை மாகாண அலுவலர்களான கேயும் கன்லிஃபும் இப்படிவங்களைத் திரட்டினர். லண்டன் சென்ற அவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்நிலத்தை அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் உழைத்து, 1873 வரை பெருநூல்களாக இவ்வுயிர்களைப் பதிவு செய்தார். நம் ஊர்ப்பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறியது இப்படித்தான். எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அது இயன்றது.

கல்லக்குடி என்றால் நமக்கு 1953ஆம் ஆண்டின் ரயில் மறியல் நினைவுக்கு வரும். அதே கல்லக்குடியின் குவாரிச் சுவர்களில் பழங்கடலின் பவளப்பாறைகள் தெரிகின்றன. சிமெண்டுக்காக வெட்டாவிடில் அவை வெளிப்பட்டிருக்கா. வெட்டியதில் பெரும்பகுதி சூளைக்குப் போய்விட்டது. ஏட்டைப் பிரித்துக் காட்டும் கையே அதை எரிக்கவும் செய்கிறது. ஆகவே, எரியுமுன் படித்துக் குறித்து வைப்பது நம் கடமையாகிறது.

சென்ற ஆண்டு மாணவர்களோடு மீண்டும் சென்றபோது, முன்னரே எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றோம். வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, குவாரி ஊழியர் ஒருவருடன் தலைக்கவசம் அணிந்தே இறங்கினோம். செங்குத்துச் சுவரின் அடியில் எவரும் நிற்கவில்லை. மழைக்குப் பின் அங்கே கல் சரியும். நீர் தேங்கிய பள்ளங்களையும் அணுகவில்லை. சுவரைக் கொத்தாமல், அனுமதித்த கழிவுக்குவியலில் மட்டுமே தேடினோம். கிடைத்த ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடமும் நாளும் எழுதிய சீட்டோடு செய்தித்தாளில் சுற்றினோம்.

எங்கும் எடுத்து வரலாம் என்பதன்று. 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கு மேல் நீண்ட சாத்தனூர்க் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே கண்ணால் காண்பதோடு சரி. குவாரிக்குப் போக இயலாதவர்களுக்கு வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது.

அன்று மூன்று கற்களை மட்டுமே கொண்டு வந்தோம். மூன்றையும் சீட்டுகளுடன் நிலவியல் படித்த நண்பரிடம் ஒப்படைத்தோம். சீட்டில்லாத பழைய கல் அலமாரியில்தான் இருக்கிறது. பார்க்க வரும் மாணவர்கள் அதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், எங்களிடம் பதில் இல்லை.