முருங்கை மரத்து வேதாளம் யாழ்ப்பாணம் வந்த வழி

யாழ்ப்பாணத்தில் வளவு என்று சொல்லத் தகுந்த எந்த வளவிலும், கோடிப்புறத்தில், கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவே ஒரு முருங்கை மரம் நிற்பது வழக்கம். பகற்பொழுதில் அது கறிக்குக் காயும் வறைக்கு இலையும் தருகின்ற சாதுவான மரம். பொழுதுபட்ட பின்னரோ, வாளியோடு அதன் கீழாகப் போகின்ற சிறுவனுடைய கால்கள் தாமாகவே விரைவுபடும். கிளையிலே தலைகீழாகத் தொங்குவது இன்னதென்று, அம்புலிமாமா இதழைப் பிரித்துப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்த அச்சம் எங்கள் மண்ணிலே பிறந்ததன்று. 11ஆம் நூற்றாண்டில், காஷ்மீரத்து மன்னன் அனந்தனின் தேவியாகிய சூரியமதியின் மனம் மகிழும்பொருட்டுச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலே, பிரதிஷ்டானபுரத்து வேந்தன் திரிவிக்கிரமசேனன், நாள்தோறும் தனக்குப் பழத்துள்ளே இரத்தினத்தை வைத்துக் கொடுத்துவந்த சந்நியாசி ஒருவனுக்கு அளித்த வாக்கைக் காக்கவேண்டி, கிருஷ்ணபக்ஷத்து இருளில் மயானத்துக்குச் சென்று, மரத்திலே தொங்கும் சவத்தை அவிழ்த்துத் தோளிற் சுமந்து வருகிறான். சவத்திலே குடிபுகுந்த வேதாளம் வழியிலே கதை சொல்லி முடிவிற் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை சிதறும், வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி மரத்துக்கே போய்விடும். சோமதேவர் சொன்ன மரம் சிம்சபா. தமிழில் வழங்கத் தொடங்கியபோது அது முருங்கையாயிற்று. பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் தமிழ் வேதாளக் கதையைத் தம் மொழியிற் பெயர்த்து 1831இல் வெளியிட்டார் என்பதனால், அதற்கு வெகு முன்னரே இக்கதை தமிழில் வேர்பிடித்துவிட்டது என்பது தெளிவு. பழமொழியிலும் வேதாளம் ஏறுவது முருங்கையிலேதான். பயமூட்டும் கதையொன்றை ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குக் கொண்டுபோகிறவன், அரசனுடைய பெயரை மாற்றாவிட்டாலும் மரத்தை மாற்றியே ஆகவேண்டும் என்பதைப் பெயரறியாத அந்த முன்னோர் உணர்ந்திருந்தார்கள். கண்ணாற் கண்டறியாத மரத்திலே தொங்கும் பேய்க்கு எந்தக் குழந்தை பயப்படும்?

இனி, யாழ்ப்பாணத்து ரசிகன் மயானத்தைக் கதையிலே காண்பதற்குப் பழக்கப்படாதவன் அல்லன். பிள்ளைப்பேற்று வீட்டை நாடிவரும் கொத்தியும், பாழ்வளவுகளில் உறையும் முனியும் ஆச்சிமாரின் பேச்சிலே நாள்தோறும் நடமாடிய பிரதேசம் இது. அதற்கும் மேலாக, கோயில் வீதிகளிலே விடிய விடிய நடந்த இசை நாடகங்கள், சுடலையையே அரங்கின்மீது கொண்டுவந்து நிறுத்தின. காங்கேசன்துறையில் 1924இல் தோன்றிய நடிகமணி வி. வி. வைரமுத்து, தமது வசந்த கான சபாவைக்கொண்டு அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தைக் கணக்கற்ற மேடைகளில் நடித்துக்காட்டியபோது, பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்துகொண்டு நள்ளிரவிற் சந்திரமதி வருகின்ற கட்டத்தில், ஊரடங்கிய இருட்டிலே பாயை விரித்து உட்கார்ந்திருந்த சனங்களுக்கு, மேடைக்கு அப்பாலுள்ள வயல்வெளி முழுவதுமே சுடலையாகத் தோன்றியிருக்கும். பிணத்தைச் சுமந்து வருகிறவர், மயானத்திலே காவல் நிற்கிறவர், வாக்குத் தவறாதவர் என்ற மூன்றையும் அந்த மேடையிலே கண்டு கண்டு தேர்ந்த கண்களுக்கு, பின்னாளில் விக்கிரமாதித்தன் என்று வழங்கப்பட்ட அந்த வேதாளக் கதை மன்னன் அந்நியனாக இருந்திருக்க முடியாது.

வைரமுத்து பிறந்த அதே 1924இல், கடலுக்கு அப்பால், தாராபுரத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிலே பிறந்தவர் கே. சி. சிவசங்கரன். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் 1947 ஜூலையிலே தொடங்கிய அம்புலிமாமாவில், 1950களின் தொடக்கத்திலே சேர்ந்து, சங்கர் என்ற பெயரில் வாழ்நாளின் பெரும்பகுதியையும் அதற்கே அர்ப்பணித்தவர். 2020இல் அவர் மறைந்த பின்னர், 2021இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. உருவிய வாளும் தோளிற் சவமுமாக மன்னன் நடந்துவருகின்ற அவருடைய சித்திரம், வேதாளக் கதையின் முகப்பிலே மாதந்தோறும் இடம்பெற்றது. பழைய கதைகள் இருபத்தைந்தோடு முடிந்துவிடும். மாதப் பத்திரிகைக்கோ முடிவில்லை. ஆகவே, சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வெவ்வேறு கதைகளை நிரப்பிக்கொண்டே போனார்கள். மன்னன் ஒருபோதும் சந்நியாசியிடம் போய்ச் சேர்ந்ததில்லை. இதனைக் குறையாகச் சொல்வாரும் உண்டு. எனக்கு அது அந்தத் தொடரின் மகத்தான பலமாகவே தோன்றுகிறது; முடிவு தெரிந்த பயம் ஓர் இரவோடு போய்விடும், முடிவில்லாத பயமோ அடுத்த மாத இதழ்வரை பிள்ளையோடு கூடவே படுத்துறங்கும்.

அந்த அடுத்த இதழும் எளிதாகக் கிடைத்துவிடுவதன்று. இராமேசுவரத்திலிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி வருகின்ற பாதை சிறிதாயினும், 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, எங்கள் எழுத்தாளருக்கும் எங்கள் சஞ்சிகைகளுக்கும் அதனால் நன்மை விளைந்ததென்பது மெய்யே ஆனாலும், பிள்ளைகளுக்கு நேர்ந்த நஷ்டமும் மெய்தான். அந்தக் காலத்திலே கைக்கு அகப்பட்ட பழைய இதழ்களைச் சேர்த்து, சாக்கூசியால் துளைத்துச் சணல் நூலாற் கட்டிவைத்த தொகுதிகள், அட்டை கிழிந்து ஓரம் பழுத்து, ஒழுங்கையின் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தன.

1985இல் வேதாளம் மறுபடியும் உருமாறியது. ராமானந்த சாகர், விக்ரம் ஔர் பேதாள் என்ற பெயரில் அக்கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கினார். அருண் கோவில் மன்னனாகவும், சஜ்ஜன் என்னும் முதிய நடிகர் நரைத்த நீள்முடி வேதாளமாகவும் தோன்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களிலே தூரதர்ஷன் அதனை ஒளிபரப்பியது. எங்கள் நாட்டின் ரூபவாகினி 1982இலேதான் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டின் தென்கரையிலே இருந்தவர்கள் கிரிக்கெட் பார்ப்பதற்காக ரூபவாகினியை நோக்கி அன்ரெனாக்களைத் திருப்பிய அதே காலத்தில், யாழ்ப்பாணத்தார் இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்துப் பனையுயரத்துக்கு நிறுத்தி, அன்ரெனாக்களை இந்தியாவை நோக்கித் திருப்பினார்கள். காற்று வாய்த்த நாளிலே உருவம் தெரியும். வாய்க்காத நாளிலே வெள்ளைப் புள்ளிகளின் மழைதான்.

தொடரின் பாஷை ஹிந்தி. கூடத்திலே கூடியிருந்த எங்களில் ஒருவருக்காவது அதில் ஒரு வார்த்தையும் விளங்காது. ஆயினும் அது ஒரு தடையாக எங்களுக்குத் தோன்றவேயில்லை. சணல் நூற்கட்டுத் தொகுதிகளை மனனம் செய்திருந்த மூத்த பையன்கள், இன்ன கதை இதுவென்று இரண்டு நிமிஷத்திலே கண்டுபிடித்து, மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் தவறாகக் கண்டுபிடித்த நாட்களிலே நாங்கள் ஒரு கதையைக் கண்ணாலும் வேறொரு கதையைக் காதாலும் அனுபவித்தோம்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் எங்களுக்கு வேதாளத்தின் முகம் தெரிந்தது. கதையிலே அரசனுக்கு அந்த முகம் தெரிவதில்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம் தோளின் பாரமும், செவிக்குப் பின்னாலிருந்து வருகின்ற குரலும்தான். சங்கருடைய சித்திரம் அசையாதது ஆகையால், குரலை நாங்களே கற்பித்துக்கொள்ள இடம் விட்டது. நடிகர் எவ்வளவு திறமையாகச் சிரித்தபோதிலும், அவருடைய சிரிப்பு ஓரிடத்திலிருந்து, எங்களுக்கு முன்னாலிருந்து வந்தது. முன்னால் இருக்கும் பேயோடு மனிதன் எப்படியும் சமாதானமாகிவிடுவான். சாகர் அந்தத் தொடரினால் பெற்ற தேர்ச்சியோடு 1987இல் இராமாயணத்தைத் தொடங்கி, அதே அருண் கோவிலை இராமனாக்கினார். நேற்றுவரை பிணம் சுமந்த தோளிலே கோதண்டத்தைக் கண்டு எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சில வாரங்கள் தடுமாறியது எனக்கு நினைவிருக்கிறது.

1990இல் யுத்தம் மூண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தொலைக்காட்சிப் பெட்டிகள் துணியாற் போர்த்தப்பட்டன. மண்ணெண்ணெய் அரும்பொருளாகிவிட்டபடியால், ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயூற்றி, நூல்திரி கோத்து எரிக்கும் சிக்கன விளக்கு வீடுதோறும் வந்தது. அந்த வெளிச்சத்திலே படிப்பதற்குப் பள்ளிப் புத்தகங்களுக்கே முதலிடம். அவை முடிந்த பிறகு, இடப்பெயர்வுகளுக்குத் தப்பி எங்களிடம் எஞ்சியிருந்த ஒரு தொகுதியை எங்கள் பெரியப்பா எடுப்பார். மன்னன் மரத்தடிக்குப் போவதையும், சவத்தை இறக்கித் தோளிலிட்டு நடப்பதையும் சொல்கின்ற முதற்பகுதி எல்லோருக்கும் பாடம். ஆகையால் அந்த இடம் வந்தவுடன், எண்ணெய் வீணாகக் கூடாதென்று, விளக்கை வாயால் ஊதி அணைத்துவிடுவார். வேதாளம் பேசத் தொடங்குவது எப்பொழுதும் இருட்டிலேதான். கேள்வி கேட்கும் கட்டம் வரும்வரை ஒருவரும் மீண்டும் விளக்கேற்றச் சொன்னதில்லை.