கிட் கார்களுக்கான பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் என்பது காரின் பேட்டரியை மற்ற மின்சுற்றுகளிலிருந்து ஒரே திருகலில் பிரித்துவிடும் மெயின் சுவிட்ச். தொழிற்சாலையில் முழுதாகத் தயாராகி வரும் கார்களில் இதைக் காண்பது அரிது. சேஸி, பாடி ஆகியவற்றைத் தொகுப்பாக வாங்கி, பெரும்பாலும் பழைய காரொன்றின் என்ஜினைச் சேர்த்து வீட்டிலேயே பூட்டும் கிட் கார்களில் பரவலாகக் காணலாம். இவ்வகைக் கார்களுக்குப் பேர்போன நாடு பிரிட்டன். அங்கே 1957-இல் வந்த லோட்டஸ் செவனை உதிரிபாகங்களாக வாங்கினால் கொள்முதல் வரி கிடையாது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. கார் மட்டும் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறி இன்றும் தொடர்கிறது.

சுவிட்சைத் தேர்ந்தெடுக்குமுன் அது எதற்கு என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கிட் கார்களில் பல குளிர்காலம் முழுதும் ஷெட்டிலேயே நிற்பவை. அலாரம், இம்மொபிலைசர், என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தாலே, 50 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 42 நாளில் காலியாகிவிடும். இதைத் தடுக்கவும் திருடனைச் சற்றுத் தாமதப்படுத்தவும் மட்டுமே சுவிட்ச் என்றால், இரண்டு டெர்மினல் உள்ள எளிய சுவிட்சை நெகட்டிவ் பக்கம் போட்டால் போதும். அலாரத்துக்கு மின்சாரம் தேவைப்பட்டால், சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு சிறு ஃபியூஸ் வழியாக இணைப்பது வழக்கம். சுவிட்ச் அணைந்திருக்கையில் யாராவது ஸ்டார்ட் செய்ய முயன்றால் ஃபியூஸ் எரிந்துபோகும்.

பந்தயத்துக்குப் போகும் காரின் கதை வேறு. விபத்து நேர்ந்தால் சுவிட்சைத் திருப்பியதும் மின்சாரமும் அறுபட வேண்டும், என்ஜினும் நிற்க வேண்டும். இரண்டு டெர்மினல் சுவிட்ச் இங்கேதான் காலை வாரும். ஓடுகிற என்ஜினில் பேட்டரியைப் பிரித்தாலும் ஆல்ட்டர்னேட்டர் தன்பாட்டுக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் அதிலேயே ஓடும். சுவிட்சை நெகட்டிவில் போட்டாலும் இதே நிலைதான், ஏனென்றால் ஆல்ட்டர்னேட்டருக்கு எர்த் என்ஜின் வழியாகவே கிடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் பேட்டரி சட்டென்று விலகினால் ஆல்ட்டர்னேட்டரின் மின்னழுத்தம் எகிறும். கட்டுப்படுத்தும் டயோடு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் அது கணநேரம் 80 முதல் 100 வோல்ட் வரை போகக்கூடும். ரெகுலேட்டரும் கட்டுப்பாட்டுக் கணினியும் அதில் கருகலாம்.

இதற்காகவே வந்தது ஆறு டெர்மினல் சுவிட்ச். இரண்டு தடித்த போல்ட்டுகள் பேட்டரிக்கு. ஒரு சிறு ஜோடி இக்னிஷன் மின்சாரத்தை அறுத்து என்ஜினை நிறுத்தும். மற்றொரு ஜோடி தலைகீழாக வேலை செய்யும்: சுவிட்ச் அணையும்போது அது இணைந்து, ஆல்ட்டர்னேட்டரின் மின்சாரத்தை 3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியே எர்த்துக்கு இறக்கிவிடும். வயரைக் குறைக்க நினைப்பவர்கள் ஆல்ட்டர்னேட்டர் வெளியீட்டை நேரே பேட்டரி பக்கமே கொடுத்துவிடுவதும் உண்டு. மின்னழுத்தம் எகிறாது, என்ஜினும் நிற்கும். ஆனால் சுவிட்ச் அணைந்த பிறகும் அந்த வயரில் மின்சாரம் இருக்கும் என்பதால் பந்தயக் காருக்கு அது பொருந்தாது. அண்மைக் காலத்தில் உலோகத் தொடுமுனையே இல்லாத எலெக்ட்ரானிக் சுவிட்சுகளும் வந்துள்ளன. அவற்றைச் சிறு பட்டனாலேயே இயக்கலாம். விலைதான் பல மடங்கு.

ஆம்பியர் அளவில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். சிவப்புப் பிளாஸ்டிக் சாவியோடு வரும் மலிவான வகை, வழக்கமாகத் தொடர்ந்து 100 ஆம்பியரும் ஐந்து நொடிக்கு 500 ஆம்பியரும் தாங்கும் என்று விற்கப்படுகிறது. இரண்டு லிட்டர் பெட்ரோல் என்ஜினின் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், முதல் கணத்தில் அதற்கும் மேலே. ஆகவே எண்ணளவில் அது போதும். அதன் குறை சாவியில்தான்: உடையும், தொலையும், ஈரத்தில் தொடுமுனை அரிக்கும். மழையில் நனையும் திறந்த காருக்கு, நீர் புகாத உறையும் கழற்ற முடியாத பிடியும் உள்ள வகையே மேல்.

சுவிட்ச் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் இடைப்பட்ட கேபிளுக்கு ஃபியூஸ் காவல் இல்லை. பந்தயத்தில் பெல்ட் கட்டிய ஓட்டுநருக்கும் வெளியே நிற்பவருக்கும் கை எட்ட வேண்டும். வெளிப்பிடி இருக்கும் இடத்தை, வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியிட்டுக் காட்டுவது பிரிட்டிஷ் பந்தய விதி. பிரிட்டனில் கிட் கார் சாலைக்கு வருமுன் நடக்கும் ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) சோதனையில் துருத்தி நிற்கும் கூர்மையான பாகங்களைக் கவனிப்பார்கள் என்பதால், டேஷ்போர்டில் சாவியை நீட்டி வைப்பதைத் தவிர்க்கலாம்.

பொருத்தி முடித்தபின் என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு சுவிட்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த சுவிட்சாக இருந்தாலும் அந்தக் கார் பந்தயத்துக்குத் தயாரில்லை.