பயிற்சிப் படமும் அதன் குறிப்பும்

சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் 1945இல் தொடங்கிய திரைத்தொழில்நுட்பப் பிரிவே அடையாறு திரைப்படக் கல்லூரியாக வளர்ந்தது. அக்காலத்தில் ஃபிலிம் அருமையான பொருள். 400 அடி 35 மி.மீ. சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் படம்பிடிப்பவர் ஷாட்டுகளை முதலில் தாளில் எழுதுவார். எடுத்தபின் டேக் எண், லென்ஸ், அடிக்கணக்கு எல்லாம் கேமரா ரிப்போர்ட்டில் ஏறும். சுருள் கழுவி வந்ததும் குறிப்பையும் திரையையும் ஒப்பிடுவதில்தான் பயிற்சியின் உயிரே இருந்தது. இதற்கும் முன்பே, ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய மாஸ்கோவில், ஃபிலிம் பஞ்சத்தால் இயக்குநரும் திரைப்பட ஆசிரியருமான குலெஷோவின் மாணவர்கள் சுருளே இல்லாமல் காட்சிகளை நடித்துப் பழகினர். சென்னையிலோ, இத்தகைய பயிற்சி பெற்ற அடையாறு மாணவர்களின் கூட்டு முயற்சியான ‘ஊமை விழிகள்’ திரைப்படம் 1986இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. இன்று கடம்பத்தூர் போன்ற சிற்றூர்களின் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள் கைப்பேசியிலேயே படமெடுக்கலாம். அளவின்றி எடுக்க முடிவதால், எதை ஏன் வைத்தோம் என்ற குறிப்பு முன்னைவிட அவசியமாகிறது.